ஒத்த பொருள் வினாக்களுக்குச் சொற்பட்டியலா, சொல்லுறுப்பா?

மத்திய அரசுப் பணிகளுக்கு ஆளெடுக்கும் எஸ்.எஸ்.சி. (பணியாளர் தேர்வு ஆணையம்) நடத்தும் பட்டதாரி நிலைத் தேர்வின் முதல் கட்டத்தில் ஆங்கிலத்துக்கு 25 வினாக்கள், 50 மதிப்பெண். தவறான விடை ஒன்றுக்கு அரை மதிப்பெண் கழிக்கப்படும். ஒத்த பொருள், எதிர்ப்பொருள், ஒரு தொடருக்கு ஒரு சொல் ஆகியவை அதில் வழக்கமாக இடம்பெறுகின்றன. தமிழ்வழியில் படித்துவிட்டு வருபவர்களை மிரட்டும் பகுதியும் இதுதான். இதற்குத் தயாராகப் பெரும்பாலோர் பின்பற்றும் வழி, ஆயிரக்கணக்கான சொற்கள் கொண்ட பட்டியலைப் பொருளோடு மனப்பாடம் செய்வது. மற்றொரு வழி, ஒரு சொல்லை முன்னொட்டு, வேர், பின்னொட்டு எனப் பிரித்து, உறுப்புகளின் பொருளிலிருந்து சொல்லின் பொருளை எட்டுவது. இரண்டையும் கையாண்ட பிறகு நான் இரண்டாவதையே கைக்கொண்டேன். இப்போது இதே தேர்வுக்குப் படிக்கும் என் தம்பிக்கும் அதையே சொல்லித்தருகிறேன். ஆகவே இந்த அலசல் ஒரு பக்கம் சாய்ந்ததுதான்.

பட்டியலின் நன்மைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. இன்றைக்கே தொடங்கிவிடலாம், யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, முந்தைய ஆண்டு வினாத்தாள்களில் வந்த சொற்கள் திரும்பவும் வருவதால் பலனும் விரைவில் கண்ணுக்குத் தெரியும்.

சொல்லுறுப்பு முறை எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு குடும்பத்தை வைத்துப் பார்க்கலாம். இலத்தீனில் ‘அனிமஸ்’ என்றால் மனம். பெரியது என்னும் பொருளுள்ள ‘மேக்ன’ அதனோடு சேரும்போது ‘மேக்னானிமஸ்’, அதாவது பெருந்தன்மையுள்ள. மிகச் சிறியது என்னும் பொருளுள்ள உறுப்பு சேர்ந்தால் ‘பியூசிலானிமஸ்’, அதாவது கோழைத்தனமான. சமம் என்னும் ‘ஈக்வ’ சேர்ந்தால் ‘ஈக்வனிமிட்டி’, மனச்சமநிலை. ஒன்று என்னும் ‘யுன’ சேர்ந்தால் ‘யுனானிமஸ்’, ஒருமனதான. ஒத்த பொருள் வினாக்களில் சில சமயம் இதைவிட நேரடியான உதவியும் கிடைக்கிறது. ‘டேசிடர்ன்’, ‘ரெட்டிசன்ட்’ இரண்டும் அதிகம் பேசாத தன்மையைக் குறிப்பவை. இரண்டும் வாய்திறவாமல் இருத்தல் என்னும் பொருளுள்ள ஒரே இலத்தீன் வினையிலிருந்து வந்தவை. அந்த வேரை அறிந்தவருக்கு ஒன்று வினாவாகவும் மற்றொன்று விடையாகவும் வந்தால் தயக்கமே இருக்காது.

இருப்பினும் நான் இம்முறையைத் தேர்ந்தெடுத்ததற்குத் தீர்மானமான காரணம், படித்ததை மறக்காமல் காப்பாற்றுவதற்கு ஆகும் உழைப்பு. பட்டியலில் ஒவ்வொரு சொல்லும் தனியாக நிற்கிறது. ஒன்றை நினைவில் வைத்திருப்பது அடுத்ததை நினைவில் வைக்க எந்த வகையிலும் உதவுவதில்லை. அதனால் படித்த அனைத்தையும் திரும்பத் திரும்பப் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும்; புதிய சொற்களைச் சேர்க்கச் சேர்க்க, பழையவற்றைப் புரட்டுவதற்கே நாளின் பெரும்பகுதி போய்விடுகிறது. முதல் கட்டம் முடிந்து இரண்டாம் கட்டம் வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடலாம், அங்கே ஆங்கிலத்துக்கு 45 வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 3 மதிப்பெண், தவறினால் ஒன்று கழியும் என்பதையும் எண்ணிப் பார்த்தால், நினைவு எவ்வளவு காலம் தாங்குகிறது என்பது எவ்வளவு வேகமாகப் படித்தோம் என்பதைவிட முக்கியமாகிறது.

சொல்லுறுப்பில் இந்தச் சுமை பெருமளவு தானாகக் குறைகிறது. நன்மையைக் குறிக்கும் ‘பெனெ’, தீமையைக் குறிக்கும் ‘மேல்’, விரும்புதலைக் குறிக்கும் ‘வோல்’, செய்தலைக் குறிக்கும் ‘ஃபேக்’, சொல்லுதலைக் குறிக்கும் ‘டிக்’ என ஐந்து உறுப்புகளைக் கற்றால், ‘பெனவலன்ட்’, ‘மலவலன்ட்’, ‘பெனிஃபேக்டர்’, ‘மேலிஃபேக்டர்’, ‘பெனடிக்‌ஷன்’, ‘மேலடிக்‌ஷன்’ என ஆறு சொற்கள் எதிரும் புதிருமாக வந்துவிடுகின்றன. ஐந்துக்கு ஆறு என்பது பெரிய இலாபமில்லை. ஆனால் அதன்பின் செய்தித்தாளில் ‘பிரிடிக்ட்’, ‘கான்ட்ரடிக்ட்’, ‘வெர்டிக்ட்’ என்று படிக்கும்போதெல்லாம், புத்தகத்தைத் திறக்காமலேயே ‘டிக்’ ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. புதிதாகக் கற்கும் ஒவ்வொரு சொல்லும் பழையதை மறுபடி படித்த கணக்கில் சேர்கிறது. நான் கற்றுவைத்திருப்பவை 150 உறுப்புகளுக்குள்தான் இருக்கும். அவற்றை உட்கார்ந்து மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை எனக்கு மிக அரிதாகவே வந்திருக்கிறது.

அரைகுறையாகத் தெரிந்தாலும் பயன்படுவது இதன் இன்னொரு வலிமை. பட்டியலில் இல்லாத சொல் வந்தால் பட்டியல் படித்தவருக்குப் பிடிமானம் ஏதுமில்லை. உறுப்பை அறிந்தவருக்கு, சொல் நல்ல பொருளா கெட்ட பொருளா என்ற திசையாவது தெரியும். ஒன்றும் தெரியாமல் நான்கில் ஒன்றைக் குறித்தால், சரிக்கு 2, தவறுக்கு அரை என்ற கணக்கில் சராசரியாகக் கிடைப்பது 0.125 மதிப்பெண், இரண்டு விடைகளை உறுதியாகக் கழித்துவிட்டு மீதி இரண்டில் ஒன்றைக் குறித்தால் அது 0.75 ஆகிறது.

தமிழில் படித்தவர்களுக்கு இம்முறை அந்நியமானதும் அன்று. பகுதி, விகுதி, இடைநிலை என்று பகுபதத்தைப் பிரித்துப் பழகியவர்கள் நாம். ‘இன்’ என்னும் எதிர்மறை முன்னொட்டு ‘இல்லீகல்’ என்பதில் ‘இல்’ ஆகவும், ‘இம்பாசிபிள்’ என்பதில் ‘இம்’ ஆகவும், ‘இர்ரெகுலர்’ என்பதில் ‘இர்’ ஆகவும் திரிவதை, பொன்னும் குடமும் பொற்குடமாவதைப் படித்தவருக்கு விளக்க வேண்டியதில்லை. எதிர்மறை சொல்லின் முன்னால் வருவதுதான் பழகிக்கொள்ள வேண்டியது. அதற்கும் நீதி, அநீதி என்ற வடமொழி வழக்கு கைகொடுக்கும்.

குழிகளும் உண்டு; அவற்றைத் தனியாக எழுதிவைத்துப் படிக்காமல் இம்முறையை நம்பக் கூடாது. ‘இன்ஃபிளேமபிள்’ என்பது தீப்பற்றாதது அன்று, எளிதில் தீப்பற்றுவது. ‘இன்வேல்யுவபிள்’ மதிப்பற்றது அன்று, மதிப்பிட முடியாத அளவு உயர்ந்தது. ‘பெட்’ என்பது இலத்தீன் வழி வந்தால் கால், கிரேக்க வழி வந்தால் குழந்தை. ‘ஆன்டி’ என்று காதில் விழுவது எழுத்தைப் பொறுத்து எதிராகவும் இருக்கலாம், முன்னதாகவும் இருக்கலாம். ‘எனர்வேட்’ என்பதை ஓசையை நம்பி ஆற்றலூட்டுதல் என்று குறிப்பவர் பலர். நரம்பிலிருந்து வலுவை வெளியேற்றுதல் என்று சரியாகப் பிரித்தால் பலவீனப்படுத்துதல் என்ற விடை கிடைக்கும். அரைகுறைப் பிரிப்புக்கும் முழுப் பிரிப்புக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் மதிப்பெண்ணாகிறது.

பட்டியல் தெளிவாக வெல்லும் இடம், ‘மீக்’, ‘ஷன்’, ‘கிரிம்’, ‘ஷ்ரூட்’ போன்ற குட்டிச் சொற்கள். இலத்தீனோ கிரேக்கமோ அல்லாத இவற்றில் பிரிக்க எதுவுமில்லை. நெட்டுருப் போடுவதைத் தவிர வழியில்லை. தேர்வுக்குச் சில வாரங்களே இருந்தாலும் நான் பட்டியலைத்தான் பரிந்துரைப்பேன், ஏனெனில் உறுப்புகள் கைவசமாகச் சில மாதங்களாவது பிடிக்கும். இடைவெளி விட்டுச் சொற்களைத் திரும்பக் காட்டும் கைப்பேசிச் செயலிகளைச் சிறிது காலமே பயன்படுத்தினேன். பட்டியலின் மறதிச் சிக்கலை அவை ஓரளவு குறைப்பதாகத் தோன்றியது, அதற்குமேல் அழுத்திச் சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவமில்லை.

தம்பியின் குறிப்பேட்டில் இப்போது ஒரு பக்கத்துக்கு ஓர் உறுப்பு, அதன்கீழ் அவன் படிப்பில் எதிர்ப்படும் சொற்கள். முந்தைய ஆண்டு வினாத்தாள்களில் வந்த, பிரிக்க முடியாத சொற்களுக்கும் ஏமாற்றும் சொற்களுக்கும் மட்டும் பின்பக்கத்திலிருந்து ஒரு பட்டியல் தொடங்கியிருக்கிறோம். அவன் தினமும் திரும்பப் படிப்பது அந்தப் பட்டியலை மட்டுமே.