சிங்கம் 2-ஆ, சாமி ஸ்கொயரா?

இரண்டும் இயக்குநர் ஹரியின் படம். இரண்டிலும் காக்கிச்சட்டை, தென்மாவட்டம், தேவி ஸ்ரீ பிரசாத் இசை, பறக்கும் வண்டிகள். ஒன்றை டிவியில் எப்போது போட்டாலும் பத்து நிமிஷமாவது நின்று பார்த்துவிடுகிறேன். இன்னொன்றை ஒரு தடவையோடு விட்டாச்சு.

2010 சிங்கத்தின் கடைசியில் துரைசிங்கம் (சூர்யா) போலீஸ் வேலையை விட்டுவிட்டதாக ஊருக்குச் சொல்லிக் கிளம்புவார். 2013ல் சிங்கம் 2-இல் ஹரி அதே நூலைப் பிடித்தார். இப்போது அவர் தூத்துக்குடிப் பள்ளிக்கூடம் ஒன்றில் என்.சி.சி. மாஸ்டர். துறைமுகக் கடத்தலை வேவு பார்க்கிறார் என்பது நமக்குத் தெரியும், வீட்டுக்குத் தெரியாது. வேலையை உதறிய மகனோடு அப்பா ராதாரவி பேசுவதில்லை. அதனாலேயே காதலி காவ்யாவோடு கல்யாணமும் தள்ளிப்போகிறது. முதல் பாகத்தில் ஓங்கி அடித்த ஆள், இதில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். யூனிஃபார்மை மாட்டத்தான் போகிறார் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எப்போது என்பதுதான் கேள்வி. ஊரில் கலவரம் வெடித்து, அவர் டி.எஸ்.பி.யாகப் பொறுப்பேற்கும்போது எழுந்த விசில், அதுவரை அடக்கி வைத்ததற்கான வட்டி.

குறை இல்லாமல் இல்லை. மாஸ்டரை மாணவி ஹன்சிகா காதலிக்கும் பகுதியைக் கத்தரித்திருந்தால் படம் இளைத்து அழகாகியிருக்கும். வில்லன் டேனியும் சத்தம் போடும் கடத்தல்காரன், அவ்வளவுதான்.

வில்லன் விஷயத்தில் சாமி ஸ்கொயர் ஒரு படி மேல். 2003 சாமியின் முடிவு ஞாபகம் இருக்கிறதா? வில்லன் பெருமாள் பிச்சையைச் செங்கல் சூளையில் முடித்துவிட்டு, ஆள் தலைமறைவு என்று ஊரையே நம்பவைப்பார் போலீஸ்காரர் ஆறுச்சாமி (விக்ரம்). 15 வருஷம் கழித்து வந்த சாமி ஸ்கொயரில், 'எங்கப்பா எங்கே?' என்று இலங்கையிலிருந்து வந்து நிற்கிறான் ராவணப் பிச்சை (பாபி சிம்ஹா). இதைவிட நல்ல கொக்கி எந்த இரண்டாம் பாகத்துக்குக் கிடைக்கும்?

ஆனால் அந்த ரகசியத்தைச் சுமந்த ஆளையே கொன்றுவிட்டார்கள். ஆறுச்சாமியும் மனைவி புவனாவும் போய்ச்சேர, கதை மகன் கைக்கு வருகிறது. அதுவும் விக்ரம்தான், அதே திருநெல்வேலிதான். இட்லிக்குச் சாம்பாராக பீரை ஊற்றிச் சாப்பிட்ட அந்தக் குசும்பு மட்டும் இல்லை. ஆறுச்சாமி லஞ்சம் வாங்கிக்கொண்டே ஊரைக் காத்தவர். நல்லவனா கெட்டவனா என்று முதல் பாகத்தில் பாதி நேரம் யோசிக்க வைத்தவர். மகனிடம் யோசிக்க ஒன்றும் கிடையாது. அப்பா செய்த கொலை, அப்பாவின் எதிரி, அப்பாவின் கோபம் எல்லாமே இரவல். புவனாவாக த்ரிஷாவுக்குப் பதில் ஐஸ்வர்யா ராஜேஷ் வந்ததைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு. எனக்கு அது பெரிதாகப் படவில்லை. காணாமல் போனது ஆறுச்சாமி.

2018ல் விக்ரமுக்கு வயது 52. ரிட்டையர்மென்ட்டை எண்ணிக்கொண்டிருக்கும் ஆறுச்சாமி, தட்டில் இட்லி, வாசலில் அப்பாவைக் கேட்டு நிற்கும் பிச்சையின் மகன். அந்தப் படத்தை எடுத்திருந்தால் முதல் நாள் முதல் காட்சிக்கே போயிருப்பேன்.