அம்மப்பாவின் மணிக்கூட்டைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள்

வீட்டில் பழைய மணிக்கூடு வைத்திருக்கிற மட்டக்களப்பு ஆட்கள் தயவுசெய்து இதை வாசியுங்கள்.

அம்மப்பா விட்டுப்போன சீகோ 5 என்னிடம் இருந்தது. அது எந்த வருசத்தது, என்ன மொடல் என்று அறிய ஆசைப்பட்டு போன மாதம் டவுனில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பெரிய பெறுமதி இல்ல தம்பி, வேணுமெண்டா மூவாயிரம் தாறன்" என்றார். விற்க மாட்டேன் என்றதும், "சரி, விட்டுட்டுப் போங்க, கழட்டிப் பார்த்து சேர்விஸும் பண்ணி வைக்கிறன்" என்றார். நம்பி விட்டுவிட்டு வந்தேன், ஒரு துண்டுகூட எழுதி வாங்கவில்லை.

ஒரு கிழமை கழித்து 4,500 ரூபாய் கொடுத்து எடுத்துவந்தேன். பளபளவென்று இருந்தது. அம்மா கையில் வாங்கியதும் கேட்டா, "எட்டுக்குப் பக்கத்தில கிடந்த கறை எங்க?"

1978 நவம்பர் 23 இரவு, சூறாவளியில் வீட்டுக் கூரை போய் எல்லாரும் விடிய விடிய நனைந்தபோது அம்மப்பாவின் கையில் கிடந்தது அந்த மணிக்கூடுதான். தண்ணீர் உள்ளே போய் டயலில் தேயிலைச் சாயம் மாதிரி ஒரு சின்னப் புள்ளி நின்றுவிட்டது, அம்மாவுக்கு அதுதான் அவருடைய மணிக்கூட்டின் அடையாளம்.

கல்முனையில் பழைய மணிக்கூடு திருத்துகிற ஒரு காக்காவிடம் கொண்டுபோனேன். என் கண்முன்னாலேயே பின்மூடியைத் திறந்தார். "மூடியில 6119 எண்டு கிடக்கு, உள்ளுக்க 7009 ஓடுது தம்பி." இரண்டும் மெசினுடைய இலக்கம். 6119 என்றால் 21 ஜுவல், அதாவது மெசினுக்குள் தேய்மானத்தைக் குறைக்கிற சின்னக் கற்கள், உள்ளே இருந்ததில் 17 என்று எழுதியிருந்தது. டயலும் புதிதாகப் பெயின்ட் அடித்தது. லென்ஸால் பார்த்தால் எழுத்தெல்லாம் தடித்துப்போய், ஆறுக்குக் கீழே விளிம்பில் பொடி எழுத்தில் இருக்கவேண்டிய இலக்கம் இல்லை. மூடி மட்டும்தான் எங்களுடையது.

நான் காசு கொடுத்து அறியப் போன விசயத்தை அவர் ஒரு நிமிசத்தில் சும்மா சொல்லித் தந்தார். அந்தக் காலத்துச் சீகோ மூடியில் நான்கு நான்கு இலக்கமாக இருப்பதில் முதல் நான்கு மெசினுடைய இலக்கம், அடுத்தது கேஸுடையது. தனியாக இருக்கிற ஆறு இலக்கத்தில் முதலாவது வருசத்தின் கடைசி எண், இரண்டாவது மாதம். எங்களுடையது 3, 5 என்று தொடங்குகிறது, 6119 ஓடிய காலத்தோடு வைத்துப் பார்த்தால் 1973 மே.

ஆகவே கடைக்குப் போகமுதல் டயலையும் மூடியையும் கிட்டவாகப் படம் எடுங்கள். அப்புறம் உங்கள் முன்னாலேயே திறக்கச் சொல்லி உள்ளே இருப்பதையும் எடுங்கள். டயலைத் தொடவேண்டாம், பொலிஷ் போடவேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். விட்டுவிட்டுப் போ என்றால் மணிக்கூட்டைக் கையில் கட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

திரும்பப் போய்க் கேட்டேன். "நீங்க தந்ததே இப்பிடித்தான்" என்கிறார். மெசின் போனால் போகட்டும், அந்தக் கறை பிடித்த டயலையாவது தாங்கோ என்று கெஞ்சினேன். பதில் இல்லை. அம்மாவின் போனில் அம்மப்பா கையில் மணிக்கூடு தெரிகிற பழைய படம் ஒன்று கிடக்கிறது, திங்கட்கிழமை அதோடு இன்னொருதரம் போகப்போகிறேன், இந்தமுறை அம்மாவும் வாறா.