ஓய்வுப் பணம்: எட்டு வங்கியா, ஒரு போஸ்ட் ஆபீஸா?

எல்லா முட்டையையும் ஒரே கூடையில் வைக்காதே என்ற ஆங்கிலப் பழமொழி, பி.எஃப்., கிராஜுவிட்டி கைக்கு வந்த மறுநாளே காதில் விழ ஆரம்பித்துவிடும். எனக்குச் சொன்னவர்கள் கூடவே ஒரு திட்டமும் தந்தார்கள்: பணத்தை ஐந்து ஐந்து லட்சமாகப் பிரித்து எட்டு வங்கியில் எஃப்.டி. போடு. நான் செய்தது வேறு. பெரும்பகுதி போஸ்ட் ஆபீஸில், மிச்சம் இரண்டு வங்கியில். இரண்டையும் நாற்பது லட்சம் வைத்திருப்பவர் கணக்கில் பார்ப்போம்.

ஐந்து லட்சம் என்பது டெபாசிட் காப்பீட்டு வரம்பு, அதாவது வங்கி முடங்கினால் அந்த ஒரு வங்கியில் ஒருவருக்குக் காப்பீட்டில் கிடைக்கும் உச்சத் தொகை. 1993 முதல் ஒரு லட்சமாக இருந்ததை 2020 பிப்ரவரியில் உயர்த்தினார்கள். அதற்குச் சில மாதம் முன்புதான், 2019 செப்டம்பரில், மும்பை பி.எம்.சி. கூட்டுறவு வங்கியில் டெபாசிட்தாரர்கள் முதலில் ஆயிரம் ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாமல் நின்றார்கள். 2020 மார்ச்சில் யெஸ் பேங்க்கில் ஐம்பதாயிரம் கட்டுப்பாடு வந்தது. இரண்டு வாரத்துக்குள் நீங்கியது. ஆக, பயம் வீண் பயம் இல்லை. ஒரே வங்கியில் மொத்தத்தையும் போடுவதை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை.

ஆனால் அந்த ஐந்து லட்சம் அசலும் வட்டியும் சேர்த்து. வங்கி முடங்கும் நாளில் ஏறி நிற்கும் வட்டியும் அதற்குள் அடக்கம். 7 சதவீதத்தில் ஐந்து வருடக் கூட்டு வட்டிக்குப் போட்ட ஐந்து லட்சம், முடிவில் ஏழு லட்சத்தைத் தாண்டும்; தாண்டியதற்குக் காப்பு இல்லை. கடைசிவரை வரம்புக்குள் இருக்க வேண்டுமானால் வங்கிக்கு மூன்றரை லட்சம்தான் போடலாம். அப்போது எட்டு வங்கி போதாது, பன்னிரண்டு வேண்டும். வட்டியை அவ்வப்போது வாங்கிக்கொண்டால் எட்டு, ஒன்பதில் முடியும்.

என் முடிவைத் தீர்மானித்தது வட்டி விகிதம் இல்லை, பராமரிப்பு. எட்டு வங்கி என்றால் எட்டு கே.ஒய்.சி., எட்டு நாமினி, எட்டு மெச்சூரிட்டி தேதி. டி.டி.எஸ். (வட்டியிலேயே வங்கி கழித்துக்கொள்ளும் வரி) பிடிக்காமலிருக்க நாம் 15எச் என்று பழகிய படிவம் ஒன்று உண்டே, அது தேவைப்படுகிறவர் வருடா வருடம் ஒவ்வொரு வங்கிக்கும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். போன் நம்பர் மாறினால் எட்டு இடத்திலும் மாற்ற வேண்டும். அறுபதில் இதெல்லாம் பொழுதுபோக்கு மாதிரிதான் தெரியும். எழுபத்தெட்டில்? நமக்குப் பிறகு, இறப்புச் சான்றிதழ் நகல்களோடு எட்டுக் கிளைக்கு அலையப்போவது வீட்டில் இருப்பவர். எந்தெந்த வங்கி என்பதே அவருக்குத் தெரியாவிட்டால் இன்னும் மோசம். பத்து வருடம் யாரும் கேட்காத டெபாசிட் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். பிறகும் உரிமை கோரலாம், தேடுவதற்கு 2023 முதல் உத்கம் என்ற இணையதளமும் இருக்கிறது. ஆனால் தேட வேண்டும் என்று முதலில் யாருக்காவது தோன்ற வேண்டுமே!

போஸ்ட் ஆபீஸில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். அரசு உத்தரவாதம் என்பதால் ஐந்து லட்சக் கணக்கே வேண்டாம். 2023 ஏப்ரலில் வட்டி 8.2 சதவீதம் ஆனது. போடும்போது உள்ள விகிதம் ஐந்து வருடத்துக்கும் நிற்கும். முப்பது லட்சத்துக்கு அந்த விகிதத்தில் காலாண்டுக்கு 61,500 ரூபாய். 30 லட்சத்தையும் ஒரே கணக்காக மட்டும் போட வேண்டாம். ஒரு கணக்கில் பாதியை எடுக்க முடியாது, மூட வேண்டியதுதான். பத்துப் பத்தாக மூன்று கணக்கு என்றால் அவசரத்துக்கு ஒன்றை மட்டும் உடைக்கலாம். உடைக்கும் நிலை எனக்கு இதுவரை வரவில்லை, அதனால் கவுன்டரில் எத்தனை நாள் இழுப்பார்கள் என்று அனுபவத்திலிருந்து சொல்ல முடியாது. விதிப்படி ஒரு வருடத்துக்குள் மூடினால் வாங்கிய வட்டி திரும்பப் போகும். இரண்டு வருடத்துக்குள் அசலில் ஒன்றரை சதவீதம், அதற்கு மேல் ஒரு சதவீதம் பிடிப்பார்கள்.

மிச்சம் பத்து லட்சத்துக்கு இரண்டு வங்கிகூடக் கட்டாயம் இல்லை. காப்பீட்டில் உங்கள் தனிக் கணக்கு வேறு, மனைவியின் தனிக் கணக்கு வேறு, இருவர் கூட்டுக் கணக்கு வேறு. கூட்டுக் கணக்கில் பெயர் வரிசை மாறினால் அதுவும் வேறு. ஒரே வங்கியில் இப்படி இருபது லட்சம் வரை காப்புக்குள் வரும். (மனைவி பெயருக்கு நீங்கள் தந்த பணத்தின் வட்டி உங்கள் வருமானத்தோடுதான் சேரும். வரி மிச்சமாகும் என்று நினைக்க வேண்டாம்.) நான் இரண்டு வங்கி வைத்திருப்பது, ஒன்று முடங்கினாலும் மாதச் செலவுக்குக் கை காயக் கூடாது என்பதற்காக. 2021 சட்டத் திருத்தப்படி முடக்கத்தில் காப்பீட்டுப் பணம் 90 நாளுக்குள் வர வேண்டும். மூன்று மாத மளிகைக்கு யாரிடம் போய் நிற்பது?

ஸ்மால் ஃபைனான்ஸ் பேங்குகளுக்கும் இதே காப்பீடு உண்டு. ஊர்ப்பக்கம் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டும்: அங்கே இது கிடையாது. நிதி நிறுவன டெபாசிட்டுக்கும் இல்லை.

விருப்ப ஓய்வில் ஐம்பதிலேயே வந்தவருக்கு மூத்த குடிமக்கள் திட்டம் திறக்காது. அவருக்கு எட்டு இல்லாவிட்டாலும் மூன்று, நான்கு வங்கி தேவைப்படலாம். அப்போதும் வங்கிப் பெயர், கணக்கு எண், மெச்சூரிட்டி தேதி மூன்றையும் ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் நான்காவது கணக்கைத் திறக்கச் சொல்வேன்.