திருச்சி – பலாலி விமானம்: 184 கி.மீ.க்கு எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

திருச்சிக்கும் யாழ்ப்பாணத்துப் பலாலிக்கும் நேர்க்கோட்டில் சுமார் 184 கி.மீ., அதாவது 99 கடல் மைல். சாலை வழியாகத் திருச்சியிலிருந்து கோவைக்குப் போகும் தூரம்கூட இல்லை. 2025 மார்ச் 30 முதல் இண்டிகோவின் ஏடிஆர் 72, அதாவது இறக்கையில் விசிறி சுழலும் சிறிய விமானம், இந்த வழியில் பறக்கிறது. டிக்கெட்டில் ஒரு மணி நேரம் என்று இருக்கும். வானில் இருப்பது பெரும்பாலும் 35, 40 நிமிடம்தான்.

மணிக்கு 500 கி.மீ. என்று வகுத்து 22 நிமிடம் எனக் கணக்குப் போட்டால் சரிவராது. இவ்வளவு குறுகிய தூரத்தில் ஏறுவதும் இறங்குவதுமே நேரத்தைத் தின்றுவிடும். முழு வேகம் நடுவில் கொஞ்ச நேரம்தான். திருச்சி ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் மேற்கு பார்த்து ஏறிவிட்டுத் தென்கிழக்கே திரும்ப வேண்டியிருக்கும், அதில் சில நிமிடம் போகும். அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம் பக்கம் கரை முடிந்து பாக் நீரிணை தொடங்கும். இறக்கை ஜன்னலுக்கு மேலே இருப்பதால் கீழே நன்றாகத் தெரியும்.

இருக்கை எடுக்கும்போது பின்வரிசைகளைப் பாருங்கள். ஏறி இறங்கும் கதவு பின்னால்தான். முன்வரிசைகளில் விசிறிச் சத்தமும் அதிர்வும் அதிகம். தலைக்கு மேலுள்ள தட்டு சிறியது. ஜெட் விமானத்தில் தாராளமாக நுழையும் டிராலி பெட்டியைப் படிக்கட்டருகிலேயே வாங்கிச் சரக்கறைக்கு அனுப்பிவிடுவார்கள். பாஸ்போர்ட், மருந்து, பவர் பேங்க் மூன்றையும் தோள்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மதியப் புழுக்கத்தில் ஏசி சோர்ந்து வீசும். பழுது இல்லை. இந்த வகை விமானத்தில் வால்பகுதித் துணை எஞ்சின் கிடையாது. நிற்கும்போது வலப்பக்க எஞ்சினை ஓடவிட்டு, விசிறியை மட்டும் பிரேக்கில் நிறுத்தி, மின்சாரமும் காற்றும் எடுக்கிறார்கள். கிளம்பினால் குளிர்ந்துவிடும்.

நேரம் உண்மையில் போவது தரையில். கடல் கடந்தாலும் ஏடிஆர்தானே என்று உள்ளூர் விமானத்துக்குப் போவதுபோல் கிளம்பக் கூடாது. இமிக்ரேஷன், கஸ்டம்ஸ் எல்லாம் உண்டு. இரண்டரை மணி நேரம் முன்னால் போய்விடுவது நல்லது. பலாலியிலிருந்து யாழ் நகரம் சுமார் 16 கி.மீ.; வண்டியை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கடிகாரத்தில் கை வைக்க வேண்டாம், இரண்டு பக்கமும் ஒரே நேரம். ஆக, வீட்டு வாசலிலிருந்து யாழ் நகரம் வரை ஐந்து மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொழும்பு வழியாகப் போனால் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கியபின் ரயிலோ பஸ்ஸோ மட்டுமே அதைவிட அதிகம் பிடிக்கும். நாகப்பட்டினம் – காங்கேசன்துறை கப்பல் நிறைய சாமான் இருப்பவர்களுக்குத்தான். கடலிலேயே ஏறக்குறைய நான்கு மணி நேரம், கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை.

திரும்பும் வழியில் திருச்சியில் ரயில் பிடிப்பவர்கள் இறங்கும் நேரத்திலிருந்து மூன்று மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். நவம்பர், டிசம்பர் மழைக்காலம் என்றால் மறுநாள் ரயிலுக்கே முன்பதிவு செய்யுங்கள்.