கிண்டி கிளையன்ட், அம்பத்தூர் செஃப்: எங்கே முட்டும்?

பல சர்வர்களின் டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே ஸ்டோரேஜாக்கும் செஃப் (Ceph), லைசென்ஸ் செலவு இல்லாத ஓபன் சோர்ஸ். ஒரு சர்வரே படுத்தாலும் டேட்டா பத்திரமாக இருக்கும். எல்லாம் ஒரே நெட்வொர்க்கில் இருக்கும்வரை செஃப்மேல் பெரிதாகக் குறை சொல்ல முடியாது. ரேக் அம்பத்தூர் டேட்டா சென்டரில், அதைப் பயன்படுத்தும் மெஷின், அதாவது கிளையன்ட், கிண்டி அலுவலகத்தில், நடுவே ஒரு விபிஎன் என்று ஆகும்போதுதான் அதன் பிடிவாதம் தெரியும்.

கிளையன்ட் முதலில் செஃப்பின் நிலவரத்தை வைத்திருக்கும் மானிட்டர் என்ற புரோகிராமிடம் மேப் (எது எந்த முகவரியில் என்ற பட்டியல்) வாங்கும். பிறகு டேட்டா இருக்கும் ஓஎஸ்டிகளோடு (டிஸ்க்கைக் கவனிக்கும் புரோகிராம்கள்) நேரடியாகப் பேசும். ஃபயர்வாலில் மானிட்டரின் 3300, 6789 போர்ட்டுகளை மட்டும் திறந்தால் ஸ்டேட்டஸ் கமாண்ட் அழகாக ‘ஹெல்த் ஓகே’ காட்டும். ஆர்பிடியை (செஃப் தரும் வர்ச்சுவல் டிஸ்க்) கிளையன்டில் இணைக்க மேப் கமாண்ட் கொடுத்தால் அப்படியே தொங்கிவிடும். உடனே மானிட்டரை ரீஸ்டார்ட் செய்யக் கிளம்புவார்கள். அது பாவம், ஒன்றும் செய்யவில்லை. ஓஎஸ்டி ஓடும் ஒவ்வொரு சர்வருக்கும் 6800 முதல் 7300 வரை, புதிய வெர்ஷன்களில் 7568 வரை திறக்க வேண்டும். ஒரே ஒரு சர்வர் விடுபட்டால் இன்னும் தொல்லை: சில ஃபைல் திறக்கும், சில திறக்காது.

நாட் (NAT, ஐபி முகவரியை நடுவில் மாற்றிவிடுவது) போட்டுச் சமாளிக்கலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். மேப்பில் பதிவான ஐபியைத்தான் கிளையன்ட் தேடிப் போகும். ஓஎஸ்டி டம்ப் கமாண்டில் பட்டியல் எடுத்து, அதிலுள்ள முகவரிகளைக் கிளையன்ட் மெஷினிலிருந்தே நெட்கேட் (போர்ட் திறந்திருக்கிறதா என்று பார்க்கும் டூல்) கொண்டு சோதியுங்கள். கிளையன்டுகளோடு பேசும் பப்ளிக் நெட்வொர்க் முகவரிகள் எட்டினால் போதும். கிளஸ்டர் நெட்வொர்க் ஓஎஸ்டிகள் தங்களுக்குள் காப்பி அனுப்புவதற்கு. பப்ளிக் நெட்வொர்க்கில் கமா போட்டு இரண்டு சப்நெட் எழுதலாம், ஆனால் இரண்டுக்கும் இடையே ரவுட்டிங்கை நாம்தான் அமைக்க வேண்டும்.

போர்ட்டெல்லாம் திறந்தும் தொங்குகிறதா? எம்டியூவை (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச பைட் அளவு) பாருங்கள். இரு முனையிலும் 9000 வைத்து, நடுவில் ஒரு சுவிட்ச் 1500-இல் நின்றால் சின்ன பாக்கெட் போகும், பெரியது காணாமல் போகும். ரிச்சி தெருவில் சுவிட்ச் வாங்கும்போதே ஜம்போ ஃபிரேம் (1500-க்கு மேற்பட்ட பாக்கெட்) உண்டா என்று கேட்டுவிடுங்கள். இருந்தாலும் பலவற்றில் நாமேதான் ஆன் செய்ய வேண்டும். துண்டாக்கக் கூடாது என்ற ஆப்ஷனோடு 8972 பைட் பிங் போனால் 9000 சரி, 1500-க்கு 1472. விபிஎன் இதையும் குறைக்கும். ‘பாக்கெட் பெரிது’ என்று திருப்பிச் சொல்லும் ஐசிஎம்பியை யாராவது பிளாக் செய்திருந்தால் அளவு குறைந்த விஷயம் சர்வருக்குத் தெரியவே தெரியாது. ரவுட்டரில் எம்எஸ்எஸ் கிளாம்ப் (டிசிபி பாக்கெட் அளவுக்கு வரம்பு) போடுங்கள்.

இரண்டு நெட்வொர்க்கிலும் கால் வைத்த சர்வரில் பதில் வேறு நெட்வொர்க் கார்டு வழியே திரும்பும். வந்த வழியும் திரும்பும் வழியும் ஒன்றா என்று பார்க்கும் ரிவர்ஸ் பாத் ஃபில்டர் 1 என்றால் லினக்ஸ் அப்படி வரும் பாக்கெட்டைச் சத்தமில்லாமல் தூக்கிப் போடும். 2 ஆக்குங்கள், அல்லது வந்த கார்டு வழியே பதில் போக பாலிசி ரவுட்டிங் செய்யுங்கள். ‘பாதுகாப்புக்காக’ 6789-ஐ மூடுபவர்களுக்கு: 5.11-க்கு முந்தைய லினக்ஸ் கர்னல் கிளையன்டுக்கு 3300-இல் பேசத் தெரியாது.

இத்தனையும் சரி செய்தாலும் விஎம் (வர்ச்சுவல் மெஷின்) டிஸ்க்கை ரேக்குக்கு வெளியே மவுண்ட் செய்யப் பரிந்துரைக்க மாட்டோம். விபிஎன் தாமதம் ஒவ்வொரு ரைட்டிலும் ஏறும். அலுவலக ஃபைல், பேக்கப்புக்கு ரேடோஸ் கேட்வே (செஃப்பை வெப் வழியே தரும் வாசல்) போதும்: ஹெச்ஏபிராக்ஸி என்ற லோட் பேலன்சருக்குப் பின்னால், 443 ஒன்றே போர்ட், நாட் இருந்தாலும் கவலையில்லை. ஃபோல்டராகவே வேண்டும் என்பவர்களுக்கு 2049-இல் என்எஃப்எஸ் கனேஷா என்ற ஃபைல் ஷேர் சர்வர். நெட்வொர்க் வழியே டிஸ்க்காகத் தரும் ஐஸ்கஸி கேட்வே 2022 நவம்பரிலிருந்து வெறும் பராமரிப்பு நிலையில் இருக்கிறது, புதிதாகப் போட வேண்டாம்.