ஸ்பிங்க்ஸ்: பக்கம் அழகு, மூலம் எப்படி?

2008-இல் பைத்தான் நிரல்மொழியின் ஆவணங்களுக்காக வெளிவந்த ஸ்பிங்க்ஸ், குறிகளோடு எழுதிய எளிய உரையை (மூலம்) அழகான பக்கங்களாக்கும் கருவி; வெளியீட்டில் அருமை. ஒரே மூலத்திலிருந்து எச்டிஎம்எல் வலைப்பக்கம், பிடிஎஃப், இபப் மின்னூல் மூன்றும் கிடைக்கும். மூலக் கோப்பைத் திறந்து படிப்பவருக்குத்தான் சோதனை.

முதல் தலைவலி அட்டவணை. கூட்டல் குறியும் கோடுகளுமாக வரையும் கட்ட அட்டவணை மூலத்திலேயே கண்ணுக்கு இதமாக இருக்கும். ஆனால் ஏதாவது ஒரு கட்டத்துக்குள் நீளமான சொல் நுழைந்தால் எல்லா வரிகளையும் நகர்த்த வேண்டும். மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) கருவியில் ஒரு சொல் திருத்தம் முழு அட்டவணை மாற்றமாகத் தெரியும். அட்டவணையைப் பட்டியலாக எழுதும் லிஸ்ட்-டேபிள் முறையில் எழுதினால் அட்டவணை போலவே தோன்றாது, ஆனால் திருத்திய வரி மட்டுமே மாறும். அடிக்கடி மாறும் தகவலுக்கு இதுவே சரி.

மார்க்டவுன் என்ற எளிய குறியீட்டு முறையிலிருந்து வருபவர்கள் கவனிக்க: நிரல் சொல்லுக்கு இருபுறமும் இரண்டிரண்டு பேக்டிக் (`) குறி வேண்டும். ஒன்று போட்டால் எச்சரிக்கை வராது, சாய்வெழுத்தாகிவிடும். தடித்த எழுத்துக்குள் இணைப்பும் வைக்க முடியாது. இது உண்மையான குறை.

டாக்ஸ்ட்ரிங்கை, அதாவது நிரலுக்குள்ளேயே எழுதும் விளக்கக் குறிப்பை, முனையத்தில் (கட்டளை எழுதும் திரையில்) பலர் அப்படியே படிக்கிறார்கள். அங்கே ஸ்பிங்க்ஸின் முக்காற்புள்ளிக் (:) குறிகள் நெருடும். ஸ்பிங்க்ஸோடு கூடவே வரும் நெப்போலியன் என்ற நீட்சியை அமைப்புக் கோப்பில் சேர்த்தால் கூகுள் அல்லது நம்பை (NumPy) பாணியில் சுத்தமாக எழுதலாம், பக்கமும் கெடாது.

ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் குறுக்கு இணைப்புதான் ஸ்பிங்க்ஸின் பெரிய பலம். தலைப்பை மாற்றினால் இணைப்பின் எழுத்தும் தானே மாறும். அடையாளப் பெயர் தவறினால் எச்சரிக்கும், ஆனால் பணியை நிறுத்தாது. எச்சரிக்கையைப் பிழையாக்கும் தேர்வை முதல் நாளே போட்டுவிடுங்கள்.