இரண்டு சமன்பாடா, மூன்றா? கட்டி மாடலுக்கு எதை எடுப்பது

பெங்களூரில் முதுகலை புராஜெக்ட்டுக்குப் புற்றுநோய்க் கட்டி வளர்வதைச் சமன்பாடுகளால் விவரிக்கும் கணித மாடல் தேட ஆரம்பித்தபோது இரண்டு பெயர்கள்தான் திரும்பத் திரும்ப எதிரே வந்தன: குஸ்நெட்சோவ் குழுவின் 1994 மாடல், கிர்ஷ்னர்–பனெட்டாவின் 1998 மாடல். நான் எடுத்தது முதலாவது. ஆகவே இந்த அலசலும் அந்தப் பக்கம்தான் சாயும்.

குஸ்நெட்சோவில் இரண்டே சமன்பாடுகள்: கட்டிச் செல்கள், அவற்றைக் கொல்லும் நோயெதிர்ப்புச் செல்கள். எலிகளின் லிம்போமா (ஒருவகை ரத்தப் புற்றுநோய்) தரவை வைத்து உருவானது. கட்டி வளராமலும் அழியாமலும் தூங்கிக் கிடக்கும் நிலை இதில் தானாகவே வருகிறது. கிர்ஷ்னர்–பனெட்டாவில் மூன்றாவதாக, நோயெதிர்ப்புச் செல்களைத் தூண்டும் புரதமான இன்டர்லூகின்-2 (ஐ.எல்-2) சேர்கிறது. வெளியிலிருந்து நோயெதிர்ப்புச் செல்களைச் செலுத்துவதையும் இன்டர்லூகின்-2 மருந்தையும் தனித்தனியே ஏற்றி இறக்கலாம். பக்கத்து மேசை மதுரைக்காரர், "ஐ.எல்-2 இல்லாம இதை இம்யூனோதெரபி மாடல்னு எப்படிங்க சொல்லுவீங்க?" என்று விடாமல் கேட்டார். இம்யூனோதெரபி என்றால் நோயெதிர்ப்புச் செல்களைக் கொண்டே புற்றுநோயைத் தாக்கும் சிகிச்சை. நியாயமான கேள்விதான்.

ஆனால் என் கையில் இருந்த தரவு என்ன? எலிகளின் கட்டியைக் காலிப்பரால் அளந்த நீளம், அகலம், அவ்வளவுதான். நீளத்தை அகலத்தின் வர்க்கத்தால் பெருக்கிப் பாதியாக்கினால் கன அளவு. கட்டி வரம்பு மீறிப் பெருத்ததும் எலியை ஆய்விலிருந்து எடுத்துவிடுவார்கள். அதனால் வளைகோடு மட்டுப்படும் பகுதி கண்ணிலேயே படாது.

சிக்கல் இங்கேதான். கட்டியை மட்டும் அளந்தால், நோயெதிர்ப்புச் செல்கள் எத்தனை என்பது தெரியாது. அவற்றின் வரத்தையும் தொடக்க எண்ணிக்கையையும் பத்து மடங்காக்கி, ஒவ்வொன்றின் கொல்லும் திறனையும் பத்தில் ஒன்றாக்கிப் பாருங்கள். கட்டியின் வளைகோடு இம்மியும் மாறாது. எந்த ஜோடி சரி என்று தரவால் சொல்லவே முடியாது, பெருக்கற்பலன் மட்டும்தான் கிடைக்கும். கட்டிக்குள் டி-செல்களை (கட்டியைக் கொல்லும் நோயெதிர்ப்புச் செல்கள்) எண்ணலாமே என்றால், அதற்குக் கட்டியையே வெட்டியெடுக்க வேண்டும். ஓர் எலிக்கு ஒரு புள்ளிதான் தேறும்.

மூன்றாவது சமன்பாடு வந்தால் இதே கோளாறு இன்னொரு முறை வரும். இன்டர்லூகின்-2-ஐ அளக்காதவரை, அது சுரக்கும் வேகமும் செல்களைத் தூண்டத் தேவையான அளவும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டே ஏறி இறங்கும். பொருத்திய கோடு அழகாக இருக்கும், எண்களை நம்ப முடியாது. அதனால் இரண்டு சமன்பாட்டோடு நின்றேன். மருந்து தராத எலிகளிடமிருந்து வளர்ச்சி வேகத்தை முதலில் பிடித்துக்கொண்டு மற்றவற்றைப் பொருத்தினேன். டி-செல்கள் மீதான தடையை நீக்கும் செக்பாயிண்ட் மருந்து? கட்டியால் டி-செல் செயலிழக்கும் வேகம் அந்த மாடலிலேயே ஓர் உறுப்பு. மருந்து அதைக் குறைக்கிறது என்று வைத்துக்கொண்டேன். கரடுமுரடான எளிமைப்படுத்தல்தான்.

கிர்ஷ்னர்–பனெட்டா தோற்றுவிட்டது என்று சொல்லவில்லை. மருந்து அட்டவணைதான் உங்கள் கேள்வி என்றால் அதுதான் சரி. இன்டர்லூகின்-2-ஐ மட்டும் அதிகமாகக் கொடுத்தால் கட்டி போகும், ஆனால் நோயெதிர்ப்புச் செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் என்று அது காட்டியது; அந்தக் கேள்வியை என் மாடலிடம் கேட்கவே முடியாது.

ஒவ்வொரு செல்லையும் தனியாக நகர்த்தும் ஃபிசிசெல் போன்ற மென்பொருள்கள் வேறு ரகம். எடுத்துக்காட்டுகளை லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்ததோடு சரி, அதற்கு மேல் எனக்கு அனுபவம் இல்லை.

மனிதத் தரவிலும் நான் கை வைத்ததில்லை. ஆனால் 2023-இல் இந்தியாவில் அனுமதி பெற்ற நெக்ஸ்கார்19 போன்ற கார்-டி சிகிச்சையில் (நோயாளியின் டி-செல்களையே மாற்றியமைத்துத் திரும்பச் செலுத்துவது), செலுத்திய செல்களை ரத்தத்திலேயே திரும்பத் திரும்ப எண்ணலாம். அப்படி ஒரு தரவு கிடைத்தால் நானே மூன்றாவது சமன்பாட்டைச் சேர்த்துப் பார்ப்பேன்.